தலைவர்களைப் பழக்கிய தளகர்த்தர்

ஒரு தேசத்தில் பிரசங்கிகள் பெருகுவது எளிது. பத்து வாலிபரை வெட்டவெளிக்கு அழைத்துச் சென்று, ஓரிரவு தங்கச் செய்து, மறுநாட் காலையில் ஊறின்றித் திருப்பிக் கொணரவல்ல தலைவர்கள் பெருகுவதே அரிது. இவ்வகைத் தலைவர்களைப் பயிற்றுவதற்கு ஒரு முறையை வகுத்து, அதை உலகெங்கும் பரப்பியவர் ராபர்ட் பேடன் பவல் என்னும் ஆங்கிலேயர். அவர் ஏகாதிபத்தியத்தின் படைவீரர். நம்மவருக்கு நண்பர் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், எதிர்த்தரப்புச் சாட்சி சொன்னது என்பதற்காக அனுகூலமான உண்மையைத் தள்ளிவிடும் வக்கீல், தன் கட்சிக்காரனுக்கே துரோகம் செய்தவனாவான். ஆகவே அவருடைய சரித்திரத்தை இருபுறமும் நிறுத்துப் பார்க்க விரும்புகிறோம்.

வட இந்தியாவில் சிப்பாய்க் கிளர்ச்சி மூண்ட அதே 1857-ஆம் வருஷத்தில், பிப்ரவரி 22-ஆம் தேதி, லண்டனில் அவர் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் ஷேத்திர கணித ஆசிரியராயிருந்த தந்தை 1860-ல் காலஞ்செல்லவே, தாயார்தாம் மக்களை வளர்த்து ஆளாக்கினார். சார்ட்டர்ஹவுஸ் பாடசாலையில் படிக்கும்போது, அருகிலிருந்த தோப்பில் மறைந்து திரிந்து, பிராணிகளின் தடம் பார்ப்பதில் அவருக்கிருந்த ஆசை பாடப் புஸ்தகங்களில் இருக்கவில்லை. 1876-ல் குதிரைப்படை உத்தியோகஸ்தராகி லக்ஷ்மணபுரி வந்து சேர்ந்தார். வேவு பார்க்கும் வித்தையில் நாட்டங்கொண்டு, படைவீரர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, தாமே யோசித்து நடக்கும்படி பழக்கலானார். கட்டளைக்குக் காத்து நிற்பவனைவிடச் சூழ்நிலையைத் தானே அறிந்து செயலாற்றுபவனே மேலான வீரன் என்பது அவருடைய கொள்கை.

ஆப்பிரிக்காவில் அவர் புரிந்தவற்றை நாம் மறைக்கப் போவதில்லை. 1896-ல் மட்டபிலி நாட்டு மக்கள் வெள்ளையரை எதிர்த்தெழுந்தபோது அவர்களை அடக்கச் சென்றவர்களில் இவரும் ஒருவர். சிறைப்பட்ட ஊவினி என்னும் தலைவனை இராணுவ விசாரணைக்குப்பின் சுட்டுக்கொல்ல ஆணையிட்டவர் இவரே. 1899 அக்டோபர் முதல் 1900 மே மாதம் வரை 217 நாள் மாபெகிங் நகரைப் போயர்களிடமிருந்து காத்தார் என்று இங்கிலாந்து கொண்டாடியது. ஆனால் அம்முற்றுகையில் பசியின் பெரும்பாரத்தைச் சுமந்தவர்கள் அந்நகரிலிருந்த கறுப்பர்கள் என்பதையும் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது.

அதே முற்றுகையில் சிறுவர் படையொன்று செய்தி கொண்டுசெல்லும் வேலையைத் திறமையாகச் செய்தது. பொறுப்பைக் கொடுத்தால் சிறுவரும் அதைச் சுமப்பர் என்னும் உண்மை அவர் மனத்தில் ஊன்றியது. 1907 ஆகஸ்டு முதல் வாரத்தில், பூல் துறைமுகத்திலுள்ள பிரௌன்சீ தீவில், சுமார் 20 சிறுவரைக் கூட்டிப் பாசறை அமைத்தார். பிரபுக்களின் பாடசாலைகளில் படித்தவர்களும் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாயிருந்தனர். நான்கு அணிகள், ஒவ்வோரணிக்கும் சிறுவரிலிருந்தே ஒரு தலைவன். இரவுதோறும் ஓரணி முறைப்படி பிரிந்து செல்லும். மாவு, மாமிசம், உருளைக்கிழங்கு, தேயிலை, கம்பளி, பாத்திரம், தீக்குச்சி ஆகியவற்றுடன் குறித்த இடத்தை அடைந்து, தீ மூட்டிச் சமைத்து, காவல் நிறுத்தி, வெளியிலேயே உறங்கவேண்டும். பேடன் பவலும் மற்ற அணித்தலைவர்களும் இருளில் பதுங்கி வந்து அக்காவலைச் சோதிப்பார்கள். அச்சிறு தலைவன் தன் தோழர்களுக்கு அன்றிரவு சகல பொறுப்பும் வகித்தான். இதுவே அம்முறையின் உயிர்நிலை எனலாம்.

அடுத்த வருஷம் அவரெழுதிய நூல் பகுதி பகுதியாக வெளிவந்ததும் சாரணர் இயக்கம் காட்டுத்தீப்போல் பரவியது. அப்பொழுதுதான் மெய்யான சங்கடம் தோன்றிற்று. சிறுவர் ஆயிரக்கணக்கில் திரண்டனர். அவர்களை நடத்தத் தெரிந்த ஆசிரியர்கள் இல்லை. வெறும் உற்சாகத்தை நம்பி இளைஞரைக் காட்டுக்கு அனுப்புவது அபாயம் என்றுணர்ந்து, 1919-ல் லண்டனுக்கருகே கில்வெல் தோட்டத்தில் தலைவர்களுக்கென்றே பயிற்சிப் பாசறை தொடங்கினார். வயது வந்த கனவான்கள் அங்கே சிறுவரைப்போல் அணிகளாகப் பிரிந்து, கூடாரத்தில் தூங்கி, தாமே சமைத்து, முறைவைத்துத் தலைமை ஏற்றார்கள். பாசறையோடு பயிற்சி முடிந்துவிடவில்லை. ஏட்டுப் பாடம், பாசறைப் பழக்கம், தன் ஊர்த் தொண்டில் காட்டும் திறமை ஆகிய மூன்றிலும் தேறியவனுக்கே மரமணிச் சின்னம் கிடைத்தது. ஜூலு அரசர் டினிஜூலுவினுடையது எனப்பட்ட மாலையிலிருந்து முதல் மணிகள் எடுக்கப்பட்டன. வென்றவன் மார்பில் தோற்றவனின் அணி விளங்கியது; அதையும் நாம் கவனியாமல் விடலாகாது.

நம் தேசத்தில் 1909-ல் இவ்வியக்கம் தொடங்கியபோது ஐரோப்பியச் சிறுவரும் ஆங்கிலோ இந்தியச் சிறுவரும் மட்டுமே சேர்க்கப்பட்டனர். கதவு அடைபட்டதும் நம்மவர் வாளாவிருக்கவில்லை. 1917-ல் சென்னையில் அன்னி பெஸன்ட் அம்மையாரும் அருண்டேலும் இந்தியச் சாரணர் சங்கத்தை நிறுவினர். அடுத்த வருஷம் அலகாபாத்தில் பண்டித மாளவியா, குன்ஸ்ரு, ஸ்ரீராம் வாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணர் படையை எழுப்பினர். 1921-ல் பேடன் பவல் இங்கு வந்தபோது பெஸன்ட் அம்மையாரின் சங்கம் அவருடைய சங்கத்துடன் இணைந்தது. சேவா சமிதி தனித்தே நின்றது. 1937-ல் அவர் இந்தியரின் ஒழுக்க இயல்பை இழித்துரைத்ததாக எழுந்த கிளர்ச்சி, மறு வருஷம் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் தோன்றக் காரணமாயிற்று. சுதந்திரத்திற்குப் பின், 1950 நவம்பர் 7-ஆம் தேதி சங்கங்கள் ஒன்றுபட்டுப் பாரத சாரணர் இயக்கமாயின.

1941 ஜனவரி 8-ஆம் தேதி கென்யாவிலுள்ள நியேரியில் அவர் காலமானார். வீடு திரும்பினேன் என்று பொருள்படும் சாரணர் தடக்குறியே, வட்டத்தினுள் ஒரு புள்ளியாக, அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது.

அவருடைய ஏகாதிபத்தியம் மாண்டுபோயிற்று. அவர் வகுத்த பயிற்சி முறையோ நிற்கிறது. நம்மவர் அதைக் கைக்கொண்டது அவரிடமுள்ள பக்தியினாலன்று. அது பயன்படும் என்று கண்டதனாலேயே. தேசத் தொண்டில் ஈடுபட்ட நண்பர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுதான். மேடையில் ஏறும் தலைவன் பதினாயிரம் பேரின் கரகோஷத்தைப் பெறுவான். அறுவரை மழையில் நனையாமல் உறங்கச் செய்து, கடைசியானவனும் உண்டபின் தான் உண்டு, நடுநிசியில் எழுந்து எண்ணிப் பார்த்து, விடிந்ததும் எல்லோருடனும் ஊர் திரும்புபவன், அவர்களுடைய நம்பிக்கையைப் பெறுவான். கரகோஷம் கூட்டம் கலைந்தவுடன் அடங்கிவிடும். நம்பிக்கையோ சோதனைக் காலத்தில் கைகொடுக்கும். தலைமை வேண்டுவோர் முதலில் ஓரிரவு கூடாரத்தில் காவலிருந்து பழகட்டும்.