கடற்பஞ்சின் இயல்பு கண்ட கார்ட்டர்

போத்தனூரை அடுத்த குறிச்சிக் குளம் போல, மழைக்காலத்தில் நிரம்பிக் கோடையில் வற்றும் குளங்கள் நம் நாட்டில் எண்ணிறந்தன. நீர் குறையக் குறையக் கரைக்கற்களும், நீரில் நட்ட கழிகளும் வெளிப்படும். சிற்சில குளங்களில் அவற்றின்மேல் பாசியோ என ஐயுறத்தக்க ஒரு பொருக்கு ஒட்டியிருத்தல் உண்டு. தொட்டால் சொரசொரக்கும், உலர்ந்தபின் விரலிடைப் பட்டுப் பொடியாகும். அதனைக் காண்பார் பலர். கண்டு நிற்பார் சிலரே. அப்பொருக்கு உயிருடைய விலங்கு. கடலில் வாழும் கடற்பஞ்சின் இனத்தைச் சேர்ந்தது. பம்பாய்க் குளங்களில் அதனைக் கண்டு நின்று, அது தோன்றும் வகையும் வளரும் வகையும் ஆராய்ந்து, பின்னர் உலகக் கடல்களின் பஞ்சினங்களையெல்லாம் வகைப்படுத்த முனைந்தவர் ஹென்றி ஜான் கார்ட்டர் என்னும் அறிஞர் ஆவர்.

கார்ட்டர் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியாகிய டெவன் நாட்டில், பட்லி சால்ட்டர்ட்டன் என்னும் கடற்கரைச் சிற்றூரில், 1813ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் பிறந்தார். மருத்துவக் கல்வியை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்றார். அக்காலத்தில் அக்கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர் ராபர்ட் கிராண்ட் என்பவர். கடற்பஞ்சு செடியினமா, விலங்கினமா என்னும் வழக்கு நெடுங்காலமாக அறிஞரிடையே நிலவி வந்தது. அரிஸ்டாட்டில் அதனை விலங்கின்பாற் படுத்தினார். பிற்காலத்தார் பலர் செடியின்பாற் படுத்தினர். கிராண்ட் 1825ஆம் ஆண்டளவில் ஸ்காத்லாந்துக் கடற்கரையில் உயிருள்ள பஞ்சு ஒன்றைக் கடல்நீரிலிட்டு நுண்ணோக்கியால் நோக்கினார். அதன் பெருந்துளையினின்று நீர் இடையறாது பீறிட்டு வெளிவருதலைக் கண்டார். சிறு துளைகளால் நீரை உட்கொண்டு, அதிலுள்ள இரையைப் பற்றிக்கொண்டு, எஞ்சிய நீரைப் பெருந்துளையால் வெளிவிடும் விலங்கே கடற்பஞ்சு எனத் துணிந்தார். துளையுடலி என்னும் பொருள்படும் பெயரை இவ்வினத்திற்குச் சூட்டியவரும் அவரே. எனினும், உட்சென்ற இரையை உடலின் எப்பகுதி பற்றுகின்றது என்பது அன்று விளங்கவில்லை.

கார்ட்டர் 1842இல் கிழக்கிந்தியக் கும்பினியாரின் மருத்துவராகப் பம்பாய் வந்தார். 1844 முதல் 1846 வரை பாலினூரஸ் என்னும் கப்பலில் அமர்ந்து, அரபு நாட்டின் தென்கீழ்க் கடற்கரையை அளந்தறியச் சென்ற குழுவுடன் சென்றார். கப்பலில் அவருக்குரிய தொழில் மருத்துவமே. ஆயினும் கரையிறங்கிய போதெல்லாம் பாறையும் மரமும் விலங்கும் அவர் கருத்தைக் கவர்ந்தன. வழிபாட்டில் புகைக்கும் குந்துருக்கப் பிசினைத் தரும் மரத்தை அதன் பிறப்பிடத்திலேயே கண்டு விளக்கினார். பின்னர் அம்மரவகை ஒன்றிற்கு அவர் பெயரே இடப்பட்டது.

பம்பாய் திரும்பியபின் கார்ட்டருக்குக் குளங்களே ஆய்வுக்கூடம் ஆயின. அந்நகரத் தீவின் குளங்களில் ஐந்து வகை நன்னீர்ப் பஞ்சுகளைக் கண்டு, அவற்றின் விளக்கத்தை 1849இல் வெளியிட்டார். கோடையில் குளம் வற்றும்போது பஞ்சின் உடல் மடிந்து உலர்ந்து உதிர்கின்றது. மழை பெய்து குளம் நிரம்பியதும் அவ்விடத்திலேயே மீண்டும் பஞ்சு தழைக்கின்றது. இறந்தது எங்ஙனம் மீண்டது? உலர்ந்த பொருக்கினுள் கடுகினும் சிறிய மணிகள் விதைபோல் செறிந்திருத்தலைக் கார்ட்டர் கண்டார். அவற்றை எடுத்து, நீர் பெய்த சிறு கண்ணாடிக் கிண்ணத்திலிட்டு, நாள்தோறும் நுண்ணோக்கியின்கீழ் வைத்து நோக்கினார். சின்னாளில் மணியின் வாய் திறந்தது, உள்ளிருந்த உயிர்ப்பொருள் கசிந்து பரந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது, சிலிகை என்னும் மணற்பொருளாலாகிய நுண்முட்கள் அதனுள் தோன்றின, துளைகள் திறந்தன, நீர் ஓடலாயிற்று. புதிய பஞ்சு ஒன்று அவர் கண்முன்னே பிறந்தது.

அடுத்து அவர் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. கார்மைன் என்னும் செஞ்சாயத்தின் தூளை அக்கிண்ணத்து நீரில் கலந்தார். நிறமற்ற இளம்பஞ்சினுள் செந்தூள் செல்லும் வழி தெளிவாகப் புலப்பட்டது. சிறுதுளைகளின் வழியே புகுந்த தூள், உடலினுள் அமைந்த குடுவை போன்ற நுண்ணறைகளை அடைந்து, ஆங்கே பற்றப்பட்டது. அவ்வறைகளே பஞ்சின் வாயும் வயிறும் போல்வன என்பதனை 1857இல் கார்ட்டர் எழுதினார். கிராண்ட் தொடங்கி வைத்த வினாவுக்கு விடை, நம் நாட்டுக் குளத்து நீரில், விலை உயர்ந்த கருவி எதுவுமின்றிக் கிடைத்தது. பம்பாயில் அவர் கண்ட ஐந்தனுள் ஒன்றை ஐரோப்பிய வகையே என அவர் கருதியிருந்தார். பவர்பாங்கு என்னும் ஆங்கில அறிஞர் அது வேறு எனத் தெளிந்து, 1863இல் அதற்குக் கார்ட்டரின் பெயரையே சூட்டினார். இந்தியக் குளங்களில் பரவலாகக் காணப்படும் நன்னீர்ப் பஞ்சு அதுவே.

குளத்து நீரை நோக்கிய அக்கண்கள் நோயையும் நோக்கின. அந்நாளில் நரம்புச் சிலந்தி என்னும் கொடிய நோய் நம் நாட்டில் பல இடங்களில் மக்களை வாட்டியது. நீண்ட நூல்போன்ற புழு, கால்தோலைத் துளைத்துக்கொண்டு சிறிது சிறிதாக வெளிவரும். உழவன் ஏர் பிடிக்கவும், சிறுவன் பள்ளி செல்லவும் இயலாது படுக்கையிற் கிடப்பர். பம்பாய்க் குளங்களில் வாழும் நுண்புழுக்களைக் கார்ட்டர் ஆராய்ந்தார். குளத்தில் மூழ்கிய பள்ளிச் சிறுவர் பலர் இந்நோய்க்கு இலக்கானமை கண்டு, அந்நுண்புழுக்களே குளிப்போர் தோலின்வழிப் புகுகின்றன எனக் கருதினார். குளத்து நீரே நோயின் ஊற்று என்றது சரி; தோலின்வழிப் புகும் என்றது பிழை. நீரில் துள்ளும் நுண்ணிய உயிர் ஒன்றன் உடலுள் அப்புழுவின் குஞ்சு தங்குகின்றது என்பதை 1870ஆம் ஆண்டளவில் பெட்சென்கோ என்னும் உருசிய அறிஞர் துருக்கிஸ்தானத்தில் கண்டறிந்தார். அந்நீரைப் பருகுவோர்க்கே நோய் வரும் என்பது அதன்பின் தெளிவாயிற்று. குடிநீரை வடிகட்டியும் படிக்கிணறுகளைத் திருத்தியும் முயன்றதன் பயனாக, 1996இல் இராசத்தானத்தில் கண்ட நோயாளியோடு இந்நோய் இந்தியாவில் முடிவுற்றது. 2000ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் அதனை உறுதி செய்தது.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் நன்று. அதே பம்பாயில், ஏறத்தாழ அதே காலத்தில், ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்னும் வேறொரு மருத்துவரும் இருந்தார். கிரே என்பவரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலுக்குப் படம் வரைந்தவரும், மதுரைப் பாதம் எனப்படும் கால்நோயை ஆராய்ந்தவரும் அவரே. பெயரும் தொழிலும் ஊரும் ஒத்தமையால் இருவரையும் ஒருவராகக் கொண்டு எழுதினாரும் உளர்.

கார்ட்டரின் பெருமையை உணர்ந்த இலண்டன் அரச கழகம் 1859இல் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. சென்னையினின்று மேலைக்கடல் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை போத்தனூர் வழியாகத் திறக்கப்பெற்ற 1862ஆம் ஆண்டிலேயே, கார்ட்டர் இந்திய நாட்டை விட்டுத் தாயகம் திரும்பினார். பிறந்த ஊராகிய பட்லி சால்ட்டர்ட்டனே அவர் தங்கிய இடம். பதவி ஓய்வு பெற்றோர் பலர் ஓய்வையே தொழிலாகக் கொள்வர். கார்ட்டரோ பல ஆண்டுகள் அக்கடற்கரை இல்லத்தில் அமர்ந்து பெரிதும் கடற்பஞ்சையே ஆராய்ந்தார். கராச்சி, மெர்குயித் தீவுகள், மேலையிந்தியத் தீவுகள், ஆஸ்திரேலியா எனப் பல கடல்களில் எடுத்த பஞ்சுகள், உலர்ந்தனவும் சாராயத்தில் ஊறினவுமாக, அவர் ஆய்வுக்கு வந்தன. 1872இல் அரச கழகம் தன் அரச பதக்கத்தை அவருக்கு வழங்கியது.

கடற்பஞ்சை வகைப்படுத்துதல் எளிய செயல் அன்று. மலரை இதழாலும், பறவையை அலகாலும் சிறகாலும் அறியலாம். பஞ்சுக்கோ கையில்லை, காலில்லை, தலையில்லை. ஒரே வகைப் பஞ்சு அலை மோதும் பாறையில் தட்டையாகவும், அமைதியான ஆழத்தில் கிண்ணமாகவோ கிளைத்த மரமாகவோ வளர்தல் கூடும். நிறமோ, நீரினின்று எடுத்ததும் மாறிவிடும். புறத்தோற்றத்தை நம்பினோர் ஒன்றனைப் பலவாகவும் பலவற்றை ஒன்றாகவும் மயங்கினர். மாறாதது உடலினுள் உள்ள எலும்புக்கூடே. சில பஞ்சுகளில் கொம்புப்பொருள் போன்ற நார் வலை உண்டு; சிலவற்றில் சிலிகை முட்கள் உண்டு; சிலவற்றில் சுண்ணாம்பு முட்கள் உண்டு; சிலவற்றில் எக்கூடும் இல்லை. சிலிகை முட்களைக் காணப் பஞ்சின் ஒரு துண்டை நைட்ரிக் காடியிலிட்டுக் காய்ச்சுவர். தசை கரைந்தொழிய முட்கள் அடியில் தங்கும். அவற்றைக் கண்ணாடித் தட்டில் பரப்பி நோக்கினால் ஊசி, நங்கூரம், விண்மீன், வில், கொக்கி எனப் பலபல வடிவங்கள் தோன்றும். பொற்கொல்லர் கைவினையும் தோற்கும் அழகு அதற்கு உண்டு.

1875இல் கார்ட்டர் தம் வகைப்பாட்டை வெளியிட்டார். பஞ்சினம் முழுவதையும் எட்டு வரிசைகளாகப் பகுத்தார். கூடு இல்லாத தசைப்பஞ்சு, வெறும் நாராலாகியது, நாரினுள் மணல் பொதிந்தது, நாரினுள் முள் பொதிந்தது, நாரின் புறத்தே முள் நீட்டிக்கொண்டிருப்பது, பெரும்பாலும் முட்களாலேயே ஆகியது, ஆறு கதிர் முட்களையுடைய கண்ணாடிப் பஞ்சு, சுண்ணாம்புப் பஞ்சு என்பன அவை. நாரும் முள்ளும் கலந்துள்ள அளவையே அடிப்படையாகக் கொண்டமையால், உறவில்லாத சில இனங்கள் இதில் ஒன்றாயின. உறவுடைய சில பிரிந்தன. ஆகவே இப்பகுப்பு முழுமையாக நிலைபெறவில்லை. சாலஞ்சர் என்னும் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றித் திரட்டிய பஞ்சுகளைப் பற்றிய பேரறிக்கைகளை எழுதியோரும் பிறரே. இன்று பஞ்சினத்தை நான்கு பெரும் வகுப்புகளாகக் கொள்வர். ஆயினும் கண்ணாடிப் பஞ்சும் சுண்ணாம்புப் பஞ்சும் தனித்தனிக் குலம் என அவர் பிரித்த பிரிவு இன்றும் நிற்கின்றது. அவர் பெயரிட்டு விளக்கிய வகைகள் நூற்றுக்கணக்கின. அவற்றுள் பல இன்றும் வழக்கில் உள.

தமிழ்நாட்டு மாணவர் சிறப்பாக அறியத்தக்கது ஒன்று உண்டு. மன்னார் வளைகுடாவின் முத்தும் சங்கும் கொற்கை நாள்தொட்டுப் புகழ்பெற்றவை. அதே கடலடியில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகச் செழித்திருக்கும் பஞ்சினங்களை எண்ணிப் பார்த்தோர் அரியர். காவ்ன் வாரன் என்னும் மீகாமர் அவ்வளைகுடாவின் அடியை வாரி எடுத்த உயிர்களை லிவர்ப்பூல் அருங்காட்சியகத்திற்கு அளித்தார். அவற்றுள் இருந்த பஞ்சுகளைக் கார்ட்டர் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1880இல் அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு அதற்கு ஒரு பிற்சேர்க்கையும் எழுதினார். 1902இல் இலங்கை முத்துப்பார்களை ஆராய வந்த ஹெர்ட்மன் திரட்டிய பஞ்சுகளை ஆர்தர் டெண்டி என்பவர் விளக்கி, 1905இல் நூலாக்கினார். முத்துச்சிப்பியின் ஓட்டைத் துளைத்துக் குடியிருந்து, அதனை நலியச் செய்யும் பஞ்சு வகையும் அந்நூலில் இடம்பெற்றது. டெண்டிக்கு வழிகாட்டிய முன்னூல்களுள் ஒன்று கார்ட்டரின் அறிக்கை. 1947இல் தோன்றிய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தோர், பின்னர் அவ்வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் இருநூற்றுக்கு மேற்பட்ட பஞ்சு வகைகளைக் கணக்கிட்டனர்.

முதுமையிலும் கார்ட்டர் குளத்துப் பஞ்சை மறந்தாரல்லர். 1881இல், அதுவரை உலகில் அறியப்பட்டிருந்த நன்னீர்ப் பஞ்சு வகைகளையெல்லாம் தொகுத்து, பம்பாயில் தாம் கண்ட விதைமணிகளின் மேலுறையையே அடையாளமாகக் கொண்டு வகுத்தார். 1895ஆம் ஆண்டு மே திங்கள் 4ஆம் நாள், எண்பத்தோராம் அகவையில், பிறந்த ஊரிலேயே உயிர் நீத்தார். அவர் ஆராய்ந்த பஞ்சுகள் பலவும், முட்களைப் பதித்த கண்ணாடித் தட்டுகளும் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் இன்று பஞ்சு ஒன்றை எடுத்து அதன் பெயரை உறுதி செய்ய விரும்புவோர், அவ்வகை அவர் முதன்முதல் விளக்கியதாயின், அப்பெயருக்குப் பின் கார்ட்டர் என்றும், அவர் எழுதிய ஆண்டும் பொறித்து வருகின்றனர்.