எக்காளம் ஊதிய இரட்டையர்

திரை ஒளிபெறும். கொழுவிய கன்னங்களையுடைய இரு பாலகர் எக்காளத்தை வாயில் வைத்து ஊதுவர். கொட்டகையின் சலசலப்பு அடங்கும். ஜெமினி படங்களின் முகப்பில் தோன்றிய அவ்விலச்சினையைக் கண்டு வளர்ந்தோர் நம்மிடையே இன்றும் உளர். அக்குழந்தைகளை ஊதச் செய்தவர் எஸ்.எஸ். வாசன்.

திருத்துறைப்பூண்டியில் சீனிவாசனாகப் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். அன்னை வாலாம்பாள் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்து அரும்பாடுபட்டு வளர்த்தார். கல்லூரிப் படிப்பு முற்றுப்பெறவில்லை. வாசன் பற்றிக்கொண்ட தொழில், பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேர்ப்பது. அவ்வழியில் அறிமுகமான ஆனந்த விகடன் தடுமாறி நின்றபோது, 1928இல் அதனை வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டெழுத்துக்கு 200 ரூபாய் என்றொரு கணக்குச் சொல்வர். எழுத்தை எண்ணி விலைபேசிய அக்கதை நம்போன்றோர்க்குச் சற்றே சுருக்கென்று தைக்கும். ஆயினும் கல்கியின் பேனாவுக்குப் பெருங்களம் அமைத்துத் தந்தது அவ்விதழே.

அவர் எழுதிய சதிலீலாவதி 1936இல் திரைப்படமாயிற்று. பின்னர், தீ விபத்துக்குள்ளான கே. சுப்பிரமணியத்தின் படப்பிடிப்பு நிலையத்தை ஏலத்தில் எடுத்து, ஜெமினி எனப் பெயரிட்டார். பந்தயக் குதிரையொன்றின் பெயர் அது என்பாரும், மிதுன ராசியைக் குறித்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும் ஜெமினி என்றால் இரட்டையர். அதற்கேற்ப அமைந்ததே அவ்விலச்சினை. அது ஒரு விளம்பரக்காரரின் கைவண்ணம் என்பதே என் எண்ணம். எழுத்தறியாதவரும் அதனை அறிந்துகொள்வர். சந்திரலேகா 1948இல் தமிழிலும் இந்தியிலும் வெளிவந்து, மாபெரும் முரசுகளின்மேல் நடனமாதர் ஆடிய காட்சி வடபுலத்தையும் வியப்பில் ஆழ்த்தியபோது, அக்குழந்தைகளுக்கு மொழிபெயர்ப்பு எதுவும் தேவைப்படவில்லை.

நம்மைத் தொடும் செய்தி வேறொன்று. ஜெமினியின் கதை இலாகாவில் கவிஞர்கள் இருந்தனர். கொத்தமங்கலம் சுப்பு அங்கிருந்தே 1953இல் ஔவையாரை இயக்கினார். எஸ்.டி.எஸ். யோகியார், சங்கு சுப்பிரமணியம், தெலுங்குக் கவி கிருஷ்ண சாஸ்திரி, ஹரீந்திரநாத் சட்டோபாத்யாயர் முதலியோர் அந்நிலையத்தில் புழங்கினர். ஆங்கிலக் கவிஞர் ஸ்டீஃபன் ஸ்பெண்டரும் ஒருமுறை வந்து பேசினார். கேட்டவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பதை, அங்கே பணிபுரிந்த அசோகமித்திரன் நகைச்சுவை ததும்பப் பதிவு செய்துள்ளார்.

கவிஞருக்குச் சம்பளம் தந்தது புரத்தலா, பூட்டி வைத்தலா? வழக்கு இன்னும் தீரவில்லை. பரிசில் நாடி வள்ளல்களின் வாயிலில் நின்ற புலவர் மரபில் வந்த நாம், சம்பளத்தை இழிவென்று சொல்லிவிட இயலாது. அதே வேளையில், ஒருநாள் அவ்விலாகா மூடப்பட்டதையும், கவிஞர்கள் வீடு திரும்பியதையும் மறைப்பதற்கில்லை. வாசன் வள்ளலும் வணிகரும் ஆவார். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்லும் வரலாறு பாதி வரலாறே.

மாநிலங்களவை உறுப்பினராயும் விளங்கிய அவருக்கு 1969இல் பத்மபூஷண் கிட்டியது. அவ்வாண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் அவர் மறைந்தார். பின்னர் படப்பிடிப்பு நிலையமும் மறைந்தது. அதனருகே 1973இல் எழுந்த மேம்பாலத்துக்கு அரசு சூட்டிய பெயர் அண்ணா மேம்பாலம். சென்னை மக்கள் அதனை ஜெமினி மேம்பாலம் என்றே வழங்குகின்றனர்.