ரேடியோ ரிப்பேர்காரர் லியோ பென்டர்

உலகமெங்கும் மேடைகளில் முழங்கும் மின்சார கிட்டாருக்கும், அதன் ஓசையைப் பெருக்கும் வால்வு ஆம்ப்ளிபயருக்கும் இன்றுள்ள உருவத்தைக் கொடுத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் லியோ பென்டர். அமெரிக்கர். எஞ்சினீயரிங் கல்லூரியின் வாசலை மிதிக்காதவர். எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் ஒரு நாள்கூட உட்காராதவர். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது!

அப்படியானால் இந்த வித்தையை அவர் எங்கே கற்றார்? அவருடைய வாழ்க்கைதான் அதற்கு விடை.

ஆரஞ்சுத் தோட்டத்துப் பிள்ளை

கலிபோர்னியா மாகாணத்தில் அனஹைம், புல்லர்ட்டன் என்று இரண்டு ஊர்கள். அவற்றை ஒட்டிய ஆரஞ்சுத் தோட்டம் ஒன்றில், 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி லியோ பிறந்தார். பெற்றோர் தோட்டத்தை நம்பிப் பிழைத்தவர்கள்.

பிள்ளைக்கு 8 வயதானபோது இடது கண்ணில் கட்டி வந்தது. டாக்டர்கள் கண்ணையே எடுத்துவிட்டு, கண்ணாடிக் கண் பொருத்தினார்கள். பிற்காலத்தில் மயிரிழை போன்ற கம்பிகளோடு மல்லாடும் தொழிலை அவர் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டே செய்தார்.

நெருங்கிய உறவினரான ஜான் வெஸ்ட் என்பவர் சாண்டா மரியா என்ற ஊரில் கார்களின் மின்சாரச் சாமான்களைச் செப்பனிடும் கடை வைத்திருந்தார். லியோ சிறுவனாக இருந்தபோது, கழித்துப் போட்ட ரேடியோ உறுப்புகளையும் ஒரு பாட்டரியையும் பெட்டியில் போட்டு அனுப்பிவைத்தார். பையன் அதைக் கொட்டிக் கவிழ்த்து ஆராய்ந்தான். பிறகு நேரிலும் அந்தக் கடைக்குப் போனான். உறவினர் தம் கையாலேயே செய்த ரேடியோ ஒன்று கடை வாசலில் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. அந்த ஓசை பையனின் மனத்தில் பதிந்துவிட்டது. ஊர் திரும்பியதும் வீட்டிலேயே ரேடியோக்களைப் பழுது பார்க்கத் தொடங்கினான்.

கணக்கர் வேலை போயிற்று

ஆனால் வயிற்றுப் பிழைப்புக்கு அவர் படித்தது கணக்குப் பதிவு. 1928-ல் பள்ளிப் படிப்பு முடிந்தது. பிறகு கல்லூரியிலும் அதே பாடம். ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதினார். ஓய்வு நேரத்தில், நடன விருந்துகளுக்காக ஒரு வாத்தியக் குழுத் தலைவர் கேட்டபடி 6 மைக் செட்டுகள் செய்து கொடுத்தார்.

1934-ல் எஸ்தர் என்ற பெண்ணை மணந்தார். மாகாண நெடுஞ்சாலை இலாகாவில் கணக்கர் வேலை கிடைத்தது. அது அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் தலைவிரித்தாடிய காலம். அந்த வேலை போயிற்று. டயர் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். 6 மாதத்தில் அதுவும் போயிற்று.

இரண்டு வேலையும் பறிபோன நிலையில் 600 டாலர் கடன் வாங்கினார். 1938-ல் புல்லர்ட்டன் நகரில் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார்.

கடைதான் கல்லூரி

அந்தக் கடைதான் அவருக்குக் கல்லூரி ஆயிற்று. ரேடியோக்களோடு கிட்டார் வித்வான்களின் ஆம்ப்ளிபயர்களும் ரிப்பேருக்கு வந்தன. எது எரிகிறது, எந்த இணைப்பு விட்டுப்போகிறது, எதைத் திறக்க முடியாமல் கை வலிக்கிறது என்பதெல்லாம் தினசரிப் பாடம்.

அந்நாளில் ரேடியோ தொழிலாளிகளுக்கு வேறோர் ஆசானும் இருந்தது. வால்வு செய்து விற்ற ஆர்.சி.ஏ. போன்ற கம்பெனிகள், ஒவ்வொரு வால்வின் குணத்தையும் அட்டவணை போட்டுக் கையேடுகளாக வெளியிட்டன. மாதிரி சர்க்யூட் படங்களும் அவற்றில் இருந்தன. பென்டர் செய்த ஆரம்ப கால ஆம்ப்ளிபயர்கள் அத்தகைய மாதிரிகளின் சாயலிலேயே அமைந்தவை. எல்லோருக்கும் கிடைத்த படம்தான். அதைக் கிட்டாருக்கு ஏற்றபடி திருத்தித் திருத்திப் பார்த்த பொறுமை மட்டும் அவருடையது.

வால்வு என்பது என்ன? காற்றை நீக்கிய கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு தகடு சூடாகி எலெக்ட்ரான்களை உமிழும். எதிரே உள்ள தகடு அவற்றை இழுத்துக்கொள்ளும். நடுவே மெல்லிய கம்பி வலை. கிட்டாரிலிருந்து வரும் மிகச் சிறிய மின்சாரம் இந்த வலையில் ஏறி இறங்கும்போது, தகட்டுக்குப் பாயும் பெரிய மின்சாரமும் அதே தாளத்தில் ஏறி இறங்கும். வாய்க்கால் மடையைச் சிறிதே தூக்கி இறக்கினால், வெள்ளம் பெருகிக் குறைவதைப் போலத்தான்.

கூட்டும் பிரிவும்

இரண்டாம் உலகப் போர் வந்தது. கண்ணாடிக் கண் காரணமாகப் பென்டரைப் பட்டாளத்தில் சேர்க்கவில்லை. கடையிலேயே இருந்தார். டாக் காப்மன் என்ற வாத்தியத் தொழில் நிபுணரும் அவரும் கூட்டுச் சேர்ந்து, மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் கிட்டாரையும் அதற்கு ஜோடியான ஆம்ப்ளிபயரையும் செய்து விற்றார்கள். தொழிலை விரிக்க மேலும் பணம் வேண்டியிருந்தது. பண நஷ்டத்துக்கு அஞ்சிய காப்மன் 1946-ல் விலகினார். பென்டர் தனியாக, தம் பெயரிலேயே கம்பெனி நடத்தினார்.

அதன் பிறகு அவர் கைப்பட்டதெல்லாம் புகழ் பெற்றது. 1950-ல் கெட்டிக் கட்டையில் செய்த கிட்டார் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அதற்கு டெலிகாஸ்டர் என்ற பெயர் நிலைத்தது. 1951-ல் பிரசிஷன் பாஸ் கிட்டார், 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று வரிசையாக வந்தன. கிட்டாரின் கழுத்து கோணிவிட்டதா? 4 திருகுகளைக் கழற்றிவிட்டு வேறு கழுத்தை மாட்டிக்கொள்ளலாம். ரிப்பேர்காரரின் புத்தி அதில் வேலை செய்தது!

பெட்டிக்குள்ளே ஒரு பாடம்

ஆம்ப்ளிபயரிலும் அதே புத்திதான். உறுப்புகளைக் குழப்பமாகத் தொங்கவிடாமல், ஒரு பலகையில் ஒழுங்காக வரிசைப்படுத்தினார். ஒன்று கெட்டால் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறு பற்றவைக்கலாம். பெட்டிக்குள் சிறு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். எந்த இடத்தில் எந்த வால்வு, எந்த சர்க்யூட் என்பதெல்லாம் அதில் காணும். 5 எப் 6-ஏ என்று எழுதியிருந்தால் 5 என்பது 1950-க்கு மேற்பட்ட பத்தாண்டுகளையும், எப் என்பது எத்தனையாவது திருத்தம் என்பதையும், 6 என்பது பாஸ்மன் என்ற மாடலையும் குறிக்கும். கடைசி எழுத்து மேலும் ஒரு சிறு திருத்தம் நடந்ததற்கு அடையாளம்.

இவற்றின் சர்க்யூட் படங்களும், உறுப்புகள் அமர்ந்திருக்கும் இடத்தைக் காட்டும் படங்களும் பழுது பார்ப்போரிடையே பரவின. ஆகவே பென்டரின் பெட்டியே மற்றவர்களுக்குப் பாடப் புத்தகம் ஆயிற்று.

லண்டன் நகரின் ஹான்வெல் பகுதியில் வாத்தியக் கடை வைத்திருந்தவர் ஜிம் மார்ஷல். அமெரிக்க ஆம்ப்ளிபயர் அங்கே யானை விலை. 1962-ல் அவருடைய கடையைச் சேர்ந்த கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோர் பென்டரின் பாஸ்மன் சர்க்யூட்டை முன்மாதிரியாக வைத்துத் தாங்களே ஓர் ஆம்ப்ளிபயர் செய்தார்கள். இங்கிலாந்தில் கிடைத்த வால்வுகளையும் ஸ்பீக்கர்களையும் போட்டார்கள். ஓசையே மாறியது. மார்ஷல் என்ற பெயர் உலகப் புகழ் பெற்றது. 1969-ல் வுட்ஸ்டாக் விழாவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்தபோது அவர் கையில் இருந்தது பென்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர். பின்னால் நின்றது மார்ஷல் ஆம்ப்ளிபயர். இரண்டுக்கும் மூலம் ஒரே ரிப்பேர் கடை!

குற்றம் என்றார், குணம் என்றார்கள்

பென்டர் விரும்பியது பளிங்கு போன்ற சுத்தமான ஓசை. ஆம்ப்ளிபயரை அளவுக்கு மீறி முடுக்கினால், வால்வு தாங்காமல் ஒலி அலையின் உச்சியை நசுக்கும். ஓசை தடித்துக் கரகரக்கும். அதை அவர் குற்றமாகக் கருதினார். இளைஞர்களோ அந்தக் கரகரப்பையே குணமாகக் கொண்டாடி, குமிழைக் கடைசி வரை திருகினார்கள்!

ஆயினும் வாசிப்பவர் சொல்லைத் தட்டுகிற வழக்கம் அவரிடம் இல்லை. தமக்கு வாசிக்கத் தெரியாது என்பதாலேயே வித்வான்களிடம் புதுச் சரக்கைக் கொடுத்து, குறைகளைக் கேட்டறிந்தார். டிக் டேல் என்ற கிட்டார் வித்வான் வாசித்த வேகத்தில் பல ஆம்ப்ளிபயர்கள் கருகின. பென்டர் கோபிக்கவில்லை. அதிகச் சக்தியும் 15 அங்குல ஸ்பீக்கரும் கொண்ட ஷோமன் என்ற ஆம்ப்ளிபயர் பிறந்தது.

தம் பெயரையே விற்றவர்

இத்தனை புகழுக்கிடையே உடல்நிலை கெட்டது. தீராத தொற்று நோய் அவரை வாட்டியது. இனி அதிக நாள் இல்லை என்று எண்ணி, 1965 ஜனவரியில் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். கம்பெனியோடு பென்டர் என்ற பெயரும் போயிற்று. 10 ஆண்டுகளுக்குப் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்பதும் ஒப்பந்தம்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! சில ஆண்டுகளில் வேறொரு டாக்டரின் வைத்தியத்தால் அந்த நோய் தீர்ந்தது. உயிர் மிஞ்சியது, பெயர் கைவிட்டுப் போயிருந்தது.

புது முதலாளிகள் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்களைக் கொண்டுவந்தார்கள். அவை எடுபடவில்லை. பழைய வால்வுப் பெட்டிகளையே வித்வான்கள் தேடினார்கள். 1985-ல் சி.பி.எஸ். அந்தக் கம்பெனியை அதன் நிர்வாகிகளிடமே விற்றுவிட்டு விலகியது.

பென்டர் சும்மா இருக்கவில்லை. 1970-க்குப் பின் மியூசிக் மேன் என்ற கம்பெனியிலும், 1980-ல் ஜி அண்டு எல் என்ற கம்பெனியிலும் பாடுபட்டார். 1979-ல் மனைவி எஸ்தர் காலமானார். அடுத்த ஆண்டு பிலிஸ் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். பார்க்கின்சன் நோய் கையை நடுங்க வைத்தபோதும் தொழிற்சாலைக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. 1991-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி, 81-வது வயதில் மறைந்தார். அதற்கு முந்தின ஆண்டுதான், அவருடைய 1959-ம் வருஷத்துப் பாஸ்மனைக் கம்பெனி மறுபடி செய்து விற்கத் தொடங்கியிருந்தது.

கற்க விரும்புவோருக்கு

ரேடியோவும் டெலிவிஷனும் வால்வைக் கைவிட்டு வெகு காலம் ஆகிறது. கிட்டார்காரர்கள் கைவிடவில்லை. ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் வால்வு செய்கிறார்கள்.

இந்த வித்தையைப் புதிதாகக் கற்க விரும்புகிறவர்களுக்குப் பென்டரின் சாம்ப் என்ற சிறு ஆம்ப்ளிபயரே அரிச்சுவடி. அதன் 5 எப் 1 சர்க்யூட்டில் மொத்தம் 3 வால்வுகள். 12 ஏ எக்ஸ் 7 முதலில் ஓசையை வளர்க்கும். 6 வி 6 ஸ்பீக்கரை முழக்கும். 5 ஒய் 3 மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கிக் கொடுக்கும். சக்தி சுமார் 5 வாட். திருக ஒரே குமிழ். அந்தப் படத்தை ஒரு கையிலும், பழைய வால்வுக் கையேட்டை மறு கையிலும் வைத்துக்கொண்டு உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டால் பாதிக் கல்வி வந்துவிடும். அதற்கு மேல் போக விரும்புவோர், ஆஸ்திரேலியாவில் லாங்போர்ட் ஸ்மித் தொகுத்த ரேடியோட்ரான் என்ற பெரிய நூலை நாடலாம். ரிப்பேர் முறைக்கு ஜாக் டார் 1965-ல் வெளியிட்ட கிட்டார் ஆம்ப்ளிபயர் நூல் உதவும்.

ஓர் எச்சரிக்கை. இந்தப் பெட்டிகளுக்குள் 300, 400 வோல்ட் மின்சாரம் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் அது தங்கி நிற்கும். உயிரைக் குடிக்கவல்லது. படத்தைப் பார்த்துப் படிப்பது வேறு. பெட்டியைத் திறந்து கை வைப்பது வேறு. அதை அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும்.

வேலை போன கணக்கர் ஒருவர், கையேடுகளையும் பிறர் கொண்டுவந்த பழுதுகளையும் வைத்துக்கொண்டு கற்ற வித்தை இது. கற்றதை அவர் பூட்டி வைக்கவில்லை. அவர் செய்த பெட்டியின் உட்புறத்தில், அடுத்த ரிப்பேர்காரருக்காக அது இன்னமும் ஒட்டியிருக்கிறது.