கரித்துண்டு எடுத்த ராஜகுமாரன்

கிளிமானூர் அரண்மனையின் வெள்ளைச் சுவர் முழுவதும் ஆடு, மாடு, மனிதர்கள்! எல்லாம் கரித்துண்டால் வரைந்தவை. வேலைக்காரர்கள் புகார் சொன்னார்கள்.

மாமா ராஜராஜ வர்மா வந்து பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. அவரே தஞ்சாவூர்ப் பாணியில் படம் எழுதுபவர். கிறுக்கலில் கைத்திறன் இருப்பதைக் கண்டுகொண்டார். பையனுக்கு முதல் குரு அவர்தான்.

அந்தப் பையனே ரவிவர்மா. திருவாங்கூர் சமஸ்தானத்தில் 1848-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி பிறந்தவர்.

மூடிய கதவு

14 வயதில் மாமா அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போனார். மகாராஜா ஆயில்யம் திருநாள், பையனைத் தங்க வைத்து ஆதரித்தார்.

மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர் அங்கே தைல வர்ணம் தீட்டி வந்தார். வர்ணப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துத் தீட்டுவது அது. மெதுவாகக் காயும். ஆகவே நிறத்தோடு நிறத்தை இழைத்து, கன்னத்தின் மினுமினுப்பையும் பட்டின் மடிப்பையும் அப்படியே காட்டலாம். ரவிவர்மா அதைக் கற்கத் துடித்தார். நாயக்கர் மறுத்துவிட்டார். போட்டிக்கு ஆள் வளர்ப்பானேன் என்று நினைத்தார் போலும்! நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளை மட்டும், குருவுக்குத் தெரியாமல் சில நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார்.

1868-ல் டென்மார்க் ஓவியர் தியோடர் ஜென்சன் வந்தார். அவரும் கற்றுத்தர இசையவில்லை. மகாராஜா சொன்னதால், பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் சம்மதித்தார். ரவிவர்மா கண்ணாலேயே கற்றார். பார்ப்பார், தனியே எழுதிப் பார்ப்பார், சரியில்லை என்றால் மறுபடி எழுதுவார்.

தங்கப் பதக்கம்

1873-ல் சென்னையில் கண்காட்சி. கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் பெண்ணின் படத்துக்குக் கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. வியன்னாவிலும் பரிசு பெற்றார். பின்னர், மடல் எழுதும் சகுந்தலையைக் கவர்னர் பக்கிங்காம் பிரபுவே விலைக்கு வாங்கிக்கொண்டார்.

பரோடா மன்னர் 14 புராணப் படங்கள் கேட்டார். புராண காலத்துப் பெண்களுக்கு என்ன உடை உடுத்துவது? தம்பி ராஜராஜ வர்மாவுடன் வடநாடு சுற்றினார். ஊருக்கு ஒரு உடை! கடைசியில் சேலையே பொருத்தம் என்று முடிவு செய்தார். தம்பியும் ஓவியர்தான். அண்ணன் படங்கள் பலவற்றில் பின்னால் தெரியும் மலையும் மரமும் ஆகாயமும் தம்பியின் கைவேலை.

குடிசைக்கு வந்த லட்சுமி

தைல வர்ணப் படத்தை ராஜாக்கள் வாங்குவார்கள். ஏழை எங்கே போவான்? அச்சிடலாமே என்று யோசனை சொன்னவர் திவான் மாதவராவ். 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கியது. ஜெர்மன் இயந்திரம், ஜெர்மன் நிபுணர்கள். ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனிக் கல். லட்சுமியும் சரஸ்வதியும் மலிவு விலைக்கு வந்தார்கள். கோயிலுக்குள் நுழையத் தடுக்கப்பட்டவர்களின் குடிசைக்கும் தெய்வம் வந்து சேர்ந்தது.

படம் பரவியது, பணம்தான் தங்கவில்லை. கடன் ஏறியது. சில ஆண்டுகளிலேயே அச்சகத்தை ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார்.

1905-ல் தம்பி இறந்தார். நிழல் போல் கூடவே இருந்தவர் அவர். மறு ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி கிளிமானூரிலேயே ரவிவர்மாவும் கண்மூடினார். கைமாறிய அச்சகத்திலிருந்து அவருடைய லட்சுமி அதற்குப் பிறகும் பல்லாண்டு வந்துகொண்டே இருந்தாள்.