தாராபாய் மோடக் (1892 – 1973)

கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார் தம் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்வதை டிக்கோயாத் தோட்ட மாணவர் நன்கு அறிவர். இந்தியாவின் மகாராஷ்டிரத்தில், வார்லி எனும் பழங்குடி மக்களிடையே, குழந்தைப் பராமரிப்போடு கல்வியையும் சேர்த்துக் கொண்டு சென்றவர் தாராபாய் மோடக் ஆவார்.

இவர் 1892 ஏப்ரல் 19 ஆந் திகதி பம்பாயில் பிறந்தார். 1914 இல் பட்டம் பெற்றார். இல்வாழ்க்கை நிலைக்கவில்லை. ராஜ்கோட்டில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் அதிபரானார். மதிப்புமிக்க அப்பதவியையும் துறந்து, 1923 இல் பவநகர் சென்று கிஜுபாய் பதேகாவுடன் இணைந்தார். மொண்டிசோரி அம்மையாரின் முறையை இருவரும் இந்தியச் சூழலுக்கேற்ப மாற்றினர். 1926 இல் நூதன் பால சிக்ஷண சங்கம் உருவாயிற்று. 1936 இல் பம்பாய் தாதரில் பாலர் பள்ளி ஒன்றையும் தொடங்கினார்.

எனினும் இக்கல்வி நகரத்தாரோடு நின்றுவிட்டது. எனவே 1945 இல், தமது 53 ஆவது வயதில், போர்டி என்னும் கடலோரக் கிராமத்திற்குச் சென்றார். இளமையிலேயே விதவையான அனுதாய் வாக் அங்கே அவருக்குத் துணையானார். பள்ளி திறந்தும் ஏழைப் பிள்ளைகள் வரவில்லை. ஆகவே ஆசிரியைகளே ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்றனர்; பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலைவாரி, வீட்டு முற்றத்திலேயே பாட்டும் விளையாட்டும் கற்பித்தனர். லயத்து வாசலுக்கே பள்ளி வந்தது போன்றது இது. மராத்தியில் 'அங்கண்' என்றால் முற்றம். 'அங்கன்வாடி' என்ற பெயர் இவ்வாறே பிறந்தது.

1957 இல் நிலையம் கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. அங்கு வார்லிச் சிறுவர் மாடு மேய்த்தனர். சிறுமியர் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டனர். இருவருக்கும் பள்ளி எட்டாக்கனி. மேய்ப்போருக்கு மேய்ச்சல் நிலத்திலேயே வகுப்பு நடந்தது. சிறுமியர் படிப்பதற்காகக் குழந்தைக் காப்பகம், பாலர் பள்ளி, ஆரம்பப் பள்ளி ஆகிய மூன்றும் ஒரே வளவில் அமைந்தன. விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதிலாகக் கூழாங்கல், விதை, இலை என்பன பயன்பட்டன. அனைத்திலும் முக்கியமானது, உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சியளித்துப் பணியில் அமர்த்தியமையாகும். வெளியூர் ஆசிரியை மட்டும் இருந்திருந்தால் அம்மக்களின் மொழியும் நம்பிக்கையும் எளிதில் கிட்டியிரா.

1962 இல் பத்மபூஷண் விருது பெற்ற இவர் 1973 இல் காலமானார். இங்கு மாணவர் பலர் தவறு விடுவதுண்டு. இந்திய அரசு அங்கன்வாடிகளை நாடெங்கும் அமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது 1975 அக்டோபர் 2 இல். அப்போது தாராபாய் உயிரோடு இல்லை. கோஸ்பாட் பணியை அனுதாய் வாக் 1992 இல் தாம் மறையும்வரை தொடர்ந்தார்.