தாய்மாரின் பேச்சுக்குச் செவிசாய்த்த கண் வைத்தியர்

இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் அமைந்துள்ள பட்டிப்பொலவிலும் சரி, அட்டன், நுவரெலியா தோட்டங்களிலும் சரி, இலேசான காய்ச்சலும் சிவந்த புள்ளிகளும் தோன்றி மூன்று நாட்களில் மறையும் ஒரு நோயை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஜேர்மன் சின்னமுத்து எனப்படும் ருபெல்லாதான் அது. கருவுற்ற பெண்ணைப் பீடித்தால் அதே நோய் பிறக்கும் குழந்தையின் கண்ணையும் காதையும் இருதயத்தையும் பறித்துவிடக்கூடும். இதை உலகுக்கு உணர்த்தியவர் அவுஸ்திரேலியரான நோமன் கிரெக்.

1892இல் சிட்னியில் பிறந்த கிரெக், 1915இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். முதலாம் உலகப் போரில் பிரித்தானிய இராணுவ மருத்துவப் படையில் பணியாற்றிப் பதக்கம் வென்ற அவர், பின்னர் இங்கிலாந்தில் கண் மருத்துவம் கற்றுத் தாயகம் திரும்பினார்.

1941இல் அவரிடம் கொண்டுவரப்பட்ட கைக்குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே கண்புரை இருந்தது. முதுமையின் நோய் பச்சிளங் குழந்தைகளுக்கு இத்தனை பேராக வந்தது எப்படி? காத்திருப்போர் அறையில் தாய்மார் இருவர் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. கர்ப்ப காலத்தில் தமக்கு ஜேர்மன் சின்னமுத்து கண்டிருந்ததாக இருவருமே கூறிக்கொண்டனர். பெண்களின் வீண்பேச்சென்று வேறொருவர் ஒதுக்கியிருப்பார். கிரெக்கோ ஏனைய தாய்மாரிடமும் விசாரித்தார். சக வைத்தியர்களிடமும் விபரம் திரட்டினார். 78 குழந்தைகளில் 68 பேரின் தாய்மாருக்குக் கருவுற்ற காலத்தில் அந்நோய் கண்டிருந்தது. பலருக்கு இருதயக் குறைபாடும் இருந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் மெல்பேர்னில் அவர் இதை வெளியிட்டார்.

மருத்துவ உலகம் உடனே நம்பிவிடவில்லை. பிரித்தானியாவின் புகழ்பெற்ற மருத்துவச் சஞ்சிகையே 1944இல் ஐயம் தெரிவித்தது. 1951இல் புள்ளிவிபரவியலாளர் லங்காஸ்டர் பழைய குடிசனமதிப்புப் பதிவுகளை ஆராய்ந்து, செவிப்புலனற்றோரின் பிறப்புகள் ருபெல்லா பரவிய காலங்களை ஒட்டியே பெருகியிருந்ததைக் காட்டினார். கிரெக்குக்கு 1953இல் சேர் பட்டம் கிடைத்தது. வைரஸ் 1962இல் பிரித்தெடுக்கப்பட்டது. தடுப்பூசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1969இல். கிரெக் 1966இலேயே மறைந்துவிட்டார்.

அவரது கண்டுபிடிப்பின் பயனை நாம் அனுபவிக்கிறோம். இலங்கையில் 1996இல் ருபெல்லாத் தடுப்பூசி அறிமுகமானது. 2020 ஜூலையில் நாடு இந்நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. ஆயினும் அயல்நாடுகளில் வைரஸ் உலவும்வரை அது மீண்டும் வந்துசேரலாம். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் தொற்றினால் குழந்தை பாதிக்கப்படும் வாய்ப்பு 90 வீதம் வரை உண்டு. அப்போது தொற்றைத் தடுக்க மருந்தில்லை. கர்ப்பிணிக்கு இத்தடுப்பூசியை ஏற்றவும் கூடாது. கிளினிக்கில் பெயர் பதியும் நாளில் காலம் கடந்திருக்கும் என்பதையே எமது சமூகங்கள் இன்னமும் சரிவர உணரவில்லை. பாடசாலையை இடையில் விட்டுக் கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ வேலைக்குச் சென்ற பெண்களிடம் தடுப்பூசி அட்டையே இல்லாதிருக்கலாம். அத்தகையோர் திருமணத்துக்கு முன்பே குடும்பநல மருத்துவமாதை அணுகி ஊசியை ஏற்றிக்கொள்ள வேண்டும். அதன்பின் ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும்.