ரிச்சர்டு பிரைட்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரின் மருத்துவமனைகளை நாடி வந்தவர்களுள் உடல் வீங்கியவர் பலர். முதலில் முகம் வீங்கும். பின்னர்க் கால்கள் பருக்கும். இறுதியில் வயிற்றிலும் மார்பிலும் நீர் கோத்து மூச்சுத் திணறும். வீக்கத்தையே நோயெனக் கொண்ட மருத்துவர் பலர். இதயத்தின்மீதும் கல்லீரலின்மீதும் குறை கண்டவர் சிலர். சிறுநீரகத்தை எண்ணியவர் மிக அரியர். அங்கே நோயின் வேரைக் கண்டவர் ரிச்சர்டு பிரைட் என்னும் ஆங்கில மருத்துவர்.

பிரிஸ்டல் என்னும் துறைமுக நகரில், செல்வம் மிக்க வணிகர் ஒருவரின் மகனாக 1789ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் அவர் பிறந்தார். 1808இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மாணவராய் இருந்தபொழுதே, 1810இல், சர் ஜார்ஜ் மெக்கன்சியின் குழுவுடன் ஐஸ்லாந்துத் தீவுக்குச் சென்று, அங்குள்ள செடி கொடிகளையும் உயிரினங்களையும் ஆராய்ந்து எழுதினார். சில ஆண்டுகளுக்குப்பின் அங்கேரி நாட்டிலும் பயணம் செய்து, தம் கையாலேயே வரைந்த படங்களுடன் 1818இல் ஒரு நூல் வெளியிட்டார். மருத்துவருக்கு இப்பயணங்களால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு இவற்றால் உறுதிப்பட்டது எனலாம்.

இலண்டனில் காய்ச்சல் நோயாளருக்கென இருந்த மருத்துவமனையில் பணியாற்றியபொழுது, அந்நோய் அவரையே பற்றி உயிருக்கு ஊறு விளைவிக்கும் நிலைக்குக் கொண்டுசென்றது. தேறி எழுந்தவர், அத்தொழிலை விட்டாரல்லர். 1820இல் கை மருத்துவமனையில் துணை மருத்துவரானார். 1824இல் முழு மருத்துவராக உயர்ந்தார். நாள்தோறும் நெடுநேரம் நோயாளரின் படுக்கையருகிலும், இறந்தோர் உடலைச் சோதிக்கும் அறையிலும் கழித்தார்.

அவர் கையாண்ட சோதனை மிக எளியது. நோயாளியின் சிறுநீரைச் சிறு கரண்டியில் எடுத்து, மெழுகுவத்தியின் சுடரில் காட்டுவார். முட்டையின் வெண்கரு சூட்டில் உறைவதுபோல, வீக்கமுற்றோர் சிலரின் சிறுநீரும் வெண்மையாகத் திரண்டது. குருதியில் இருக்கவேண்டிய ஆல்புமின் என்னும் பொருள் சிறுநீரில் வெளியேறியதே காரணம். இவ்வாறு திரள்வதை அவருக்கு முன்பே வெல்ஸ், பிளாக்கால் என்னும் மருத்துவர்கள் கண்டிருந்தனர். ஆயினும் அது எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் துணிந்திலர். பிரைட்டோ, அந்நோயாளர் இறந்தபின் அவர்தம் உடலைச் சோதித்தார். சிலருடைய சிறுநீரகங்கள் சுருங்கி, கெட்டியாகி, மேற்பரப்பு மணல் தூவினாற்போல் கரடுமுரடாக இருக்கக் கண்டார். வீக்கம், உறையும் சிறுநீர், கெட்ட சிறுநீரகம் ஆகிய மூன்றும் ஒரே நோயின் முகங்கள் என்பது தெளிவாயிற்று. ஜான் பாஸ்டாக் என்னும் வேதியியல் அறிஞர், அந்நோயாளரின் சிறுநீரையும் குருதியையும் பகுத்தாராய்ந்து அவருக்குத் துணைபுரிந்தார். 1827இல் வண்ணப் படங்களுடன் வெளிவந்த பிரைட்டின் நூல் இவற்றையெல்லாம் உலகுக்கு அறிவித்தது.

அத்துடன் அவர் அமையவில்லை. 1836இல் நூறு நோயாளரின் வரலாறுகளைத் தொகுத்து அட்டவணையாக வெளியிட்டார். சிறுநீரகம் கெட்டவர் பலரிடம் இதயமும் பருத்திருந்ததை அவர் குறிப்பிட்டார். குருதியின் அழுத்தத்தை அளக்கும் கருவி மருத்துவர் கைக்கு வாராத காலத்தில் இவ்வுறவை உணர்ந்தது வியப்பிற்குரியதே. 1842இல் அம்மருத்துவமனையில் நாற்பத்திரண்டு படுக்கைகள் கொண்ட இரு கூடங்கள் சிறுநீரக நோயாளருக்கென்றே ஒதுக்கப்பட்டன. அருகிலேயே சோதனைச்சாலையும் அமைந்தது. மருத்துவமும் ஆராய்ச்சியும் ஒரு கூரையின்கீழ் நடைபெற்றன.

நோயை அறிந்தவரால் அதை நீக்க இயன்றதா? இல்லை. குருதி வாங்குதல், பேதிக்குக் கொடுத்தல், வியர்க்கச் செய்தல் என்பனவே அவர் கையில் இருந்த முறைகள். கழிவுகள் குருதியில் தங்கிவிட, நோயாளர் வலிப்புற்று நினைவிழந்து மாய்வதை அவர் மீண்டும் மீண்டும் காண நேர்ந்தது. தம் மருத்துவம் பயன்படாமற் போன நிகழ்ச்சிகளை அவர் மறைத்தாரல்லர். குணமடைந்தோர் வரலாற்றோடு இறந்தோர் வரலாற்றையும் எழுதிவைத்தார். அத்தகையோர் குருதியைச் செயற்கைச் சிறுநீரகத்தால் தூய்மை செய்யும் முயற்சி, அவருடைய நூல் வெளிவந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், 1943இல் நெதர்லாந்து நாட்டில் கோல்ஃப் என்னும் மருத்துவரால் மேற்கொள்ளப்பட்டது. அவரும் தொடக்கத்தில் பலரை இழந்து, 1945இலேதான் ஓர் உயிரை மீட்டார்.

1837இல் விக்டோரியா அரசியாரின் மருத்துவருள் ஒருவராகும் சிறப்பைப் பிரைட் பெற்றார். 1858ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் இதய நோயால் காலமானார். அவர் கண்ட நோய் நூறாண்டுக்கு மேலாகப் பிரைட் நோய் என்றே வழங்கிற்று. அது ஒரு நோயன்று, பல நோய்களின் தொகுதி என்று பின்வந்தோர் கண்டறிந்து வெவ்வேறு பெயரிட்டமையால், அப்பெயர் இப்பொழுது வழக்கொழிந்தது. சிறுநீரில் ஆல்புமின் உண்டா என்று பார்க்கும் வழக்கமோ ஒழியவில்லை. கரண்டிக்கும் மெழுகுவத்திக்கும் மாறாக, மருந்து தோய்ந்த சிறு பட்டையொன்றைச் சிறுநீரில் நனைத்து அதன் நிறமாற்றத்தைப் பார்க்கின்றனர்.